தேவாங்கின் எண்

காட்டு ஏரிக்கரையில் நின்ற மருதமரத்தின் உச்சியில் ஒரு மலையணில் வாழ்ந்தது. ஓட்டத்திலும் கைவேலையிலும் அதற்கு இணை யாருமில்லை. அதே மரத்தின் தாழ்ந்த கிளையில் ஒரு தேவாங்கு இருந்தது. அது ஒரு கிளையை விட்டு அடுத்த கிளையைப் பிடிப்பதற்குள் அணில் நான்கு மரம் தாவியிருக்கும்.

அந்தக் காட்டு விலங்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு வேலை செய்துவந்தன. பகா எண்களைத் தேடுவதுதான் அந்த வேலை. எப்படி அடுக்கினாலும் சமமான வரிசைகளாகப் பிரியாமல் மிச்சம் விழும் எண்கள் அவை. ஏரிக்கரை நாரை ஆளுக்கொரு எண்ணைக் கொடுக்கும். வாங்கியவர் இரை தேடியது போக மிஞ்சும் நேரத்தில் அத்தனை விதைகளைப் பொறுக்கி, இரண்டிரண்டாக, மும்மூன்றாக, ஐயைந்தாக அடுக்கிப் பார்க்க வேண்டும். ஒருமுறை சமமாகப் பிரிந்தாலும் அந்த எண் கழிந்தது. யாருக்கும் கட்டாயமில்லை, கூலியும் இல்லை. பகா எண் கிடைத்தால் மட்டும், கண்டுபிடித்தவர் பெயரை நாரை கரைப்பாறையில் அலகால் கீறிவைக்கும்.

அணில் அதுவரை நாற்பது எண்களை அடுக்கிப் பார்த்திருந்தது. நாற்பதும் பிரிந்துவிட்டன. தவளையின் பெயர்கூடப் பாறையில் இருந்தது. அணிலின் பெயர் இல்லை.

தேவாங்கோ இரண்டு வருடமாக 7919 என்ற ஒரே எண்ணோடு இருந்தது. சிறிய பகா எண்களாக மட்டும், எண்பத்துமூன்று எண்பத்துமூன்றாக அடுக்குவது வரை பார்த்தால் போதும், மொத்தம் இருபத்துமூன்று அடுக்கு என்று நாரை சொல்லியிருந்தது. மாதத்துக்கு ஒரு அடுக்குதான் தேவாங்கால் முடிந்தது.

ஒரு நாள் அந்தியில் அணில் கீழே இறங்கி வந்தது. "இன்னும் அதே எண்தானா அண்ணே?"

"ஆமா தங்கச்சி. இதுவரைக்கும் பிரியலை. ஒவ்வொரு தடவையும் பிரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. அந்தப் பயமும் நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தது தேவாங்கு.

அணிலுக்கு மனசு நிலைகொள்ளவில்லை. 'இவ்வளவு தூரம் பிரியாதது இனிமேல் பிரியவா போகிறது? எனக்கு இது பத்து நாள் வேலை' என்று நினைத்தது. மலைக்குப் பின்பக்கம் போய் 7919 விதைகளைப் பொறுக்கியது. பதினோராம் நாள் காலையில் நாரையிடம் ஓடிவந்தது.

"7919 பகா எண் அக்கா! கடைசி வரைக்கும் பார்த்துட்டேன்."

"அது தேவாங்குக்குக் கொடுத்த எண்ணாச்சே?"

"யார் முடிச்சா என்ன? எண் கிடைச்சுதா இல்லையா?"

நாரை சற்று யோசித்தது. கிடைத்ததை இல்லையென்று சொல்ல முடியாது. அது அணிலின் பெயரைக் கீறியது. வழக்கம்போல விலங்குகள் கூடி அத்திப்பழம் தின்று கொண்டாடின.

அந்தியில் தேவாங்கு வந்து பாறையைப் பார்த்தது.

"எழுபத்தொன்பதும் எண்பத்துமூணும்தான் பாக்கி இருந்தது. நல்லது தங்கச்சி" என்றது. தன் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போய், எந்த மரத்தடியில் பொறுக்கியதோ அங்கேயே போட்டது. அதற்குப் பல நாள் பிடித்தது. அத்தனை நாளும் அணில் அதை உச்சிக் கிளையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வாரமே நண்டு தன் எண்ணைத் திருப்பிக் கொடுத்தது. "நான் முடிக்கிறதுக்குள்ள வேகமான யாராவது முடிச்சிடுவாங்க. எனக்கெதுக்கு?" பிறகு நத்தை கொடுத்தது. பிறகு முள்ளம்பன்றி.

அணில் தேவாங்கிடம் போனது. "அண்ணே, நான் செஞ்சது தப்பு. உங்க பேரையும் பக்கத்துல கீறச் சொல்றேன்."

"நான் முடிக்கலையே. முடிக்காததுக்கு எதுக்குப் பேர்?"

"அப்போ வேற எண் வாங்கிக்கோங்க. சத்தியமா நான் தொடமாட்டேன்."

தேவாங்கு தன் பெரிய கண்களால் அதை வெகுநேரம் பார்த்தது. "நீ தொடமாட்டே தங்கச்சி, நம்புறேன். ஆனா ஒவ்வொரு விதையை வைக்கும்போதும் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். அப்படி அடுக்க எனக்கு இஷ்டமில்லை."

திரும்பி வந்த எண்களை எல்லாம் அணிலே வாங்கிக்கொண்டது. எவ்வளவு வேகமாக அடுக்கினாலும் இருப்பது இரண்டே கைகள். எண்கள் குறையவே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் அதற்கு இன்னொரு பகா எண் கிடைத்தது. நாரை பெயரைக் கீறிவிட்டுப் பறந்துபோனது. அத்திப்பழங்களைக் குவித்து வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அணில் பாறையருகே உட்கார்ந்திருந்தது. யாரும் வரவில்லை.

பலர் கூடிச் செய்யும் வேலையில் மெதுவாகச் செய்பவரின் பங்கைப் பிடுங்கிக்கொண்டால், வேலை முடிந்தாலும் கூட்டம் கலைந்துவிடும்.