எட்டோடு நாலு சேருமா

"அம்மா, போடலாமா, வேண்டாமா?"

காலையிலிருந்து அறவாழி இதைக் கேட்பது நான்காவது தடவை.

நங்கையம்மாள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வயது நாற்பதுதான். ஆனாலும் அந்த ஆற்றங்கரை மடத்துக்கு அவர்தான் குரு. அறவாழிக்கு அறுபத்தாறு. தாலுகா ஆபீஸில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர். சமாதியாகிவிட்ட பெரிய சாமியின் கடிதங்களை மடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பு அவருடையது.

"உட்காருங்க ஐயா."

உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

"இருப்புக் கொள்ளலைம்மா. அந்த மெஷின் ஒரு பக்கம் புரட்டறதுக்குள்ள ஆத்துல குளிச்சுட்டே வந்துடலாம். மெமரி பத்தலை. உள்ளே இருக்கறது எட்டு ஜிபி. மருமகன் பழைய மெஷின்லேர்ந்து நாலு ஜிபி கழட்டிக் கொடுத்திருக்கார். வேற கம்பெனி, வேற வேகம்."

கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை நீளப் பச்சைச் சில்லு. வியர்வையில் பிசுபிசுத்தது.

"கடைக்காரர் என்ன சொல்றார்?"

"போடுங்க, ஒண்ணும் ஆகாதுங்கறார்."

"மருமகன்?"

"சேர்ந்தா ஓடும், சேரலேன்னா ஃபைலே கெட்டாலும் கெடும்ங்கறார்."

"நீங்க?"

"சாமி முன்னால பூப்போட்டுப் பார்த்தேம்மா. போடலாம்னு வெள்ளை வந்தது. மனசு கேக்கலை. இன்னொரு தரம் போட்டேன். சிவப்பு."

"மூணாவது தரம்?"

"...வெள்ளை."

நங்கையம்மாள் சிரித்துவிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க, பார்ப்போம்."

கம்ப்யூட்டர் அறையில் ஒயரெல்லாம் பிடுங்கிக் கிடந்தது. பெட்டியின் பக்கமூடியை அறவாழி காலையிலேயே கழற்றி வைத்திருந்தார்.

"கொடுங்க."

கொடுத்தார்.

அம்மாள் குனிந்தார். சில்லைப் பள்ளத்தில் வைத்து, அழுத்தக் கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

"ஐயோ, நில்லுங்கம்மா!"

"ஏன்?"

"மூணு வருஷ உழைப்பு உள்ளே இருக்கு. ஆயிரத்து இருநூறு கடிதம்!"

"பெரிய சாமி கைப்பட எழுதினது இருக்கே?"

"டைப் அடிச்சு முடிச்ச கடிதக் கட்டுகளையெல்லாம் போன மழையில கரையான் தின்னுடுச்சு. மிச்சம் இருக்கறது அடிக்காத பதினொண்ணுதான்."

"நகல்?"

அறவாழி கழற்றிவைத்த மூடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"எடுக்கலையா ஐயா?"

"நைவேத்தியத்துக்குச் சமைக்கறப்ப ருசி பார்க்கறதில்லையேம்மா. அதுமாதிரி, முழுசா முடிக்காம வெளியே எடுக்கக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

அம்மாள் சில்லை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதைப் போடாமலே விட்டுட்டா, இந்த மெஷின் என்னைக்குமே கெட்டு நின்னுபோகாதா?"

அறவாழி திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். மூன்று வருஷத்துத் தூசி பஞ்சுபோல அடைந்திருந்தது.

செருப்பைக்கூட மாட்டவில்லை. உச்சி வெயிலில் கடைத்தெருவுக்கு ஓடினார். பென்டிரைவோடு மூச்சிரைக்கத் திரும்பினார்.

ஒயர்களை மாட்டி மெஷினை ஓடவிட்டு, பென்டிரைவைச் செருகினார்.

நகல் ஏற ஏறத் திரையில் பச்சைக்கோடு ஊர்ந்தது. பத்து. முப்பது. அறுபதில் நின்றது.

"சிவசிவா, சிவசிவா..."

மறுபடி ஊர்ந்தது. முடிந்தது.

பென்டிரைவைக் கண்ணில் ஒற்றி அம்மாள் கையில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். உள்ளங்கால் சுட்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது.

நங்கையம்மாள் கேட்டார்:

"சரி ஐயா, இப்பப் போட்டுடலாமா?"

"எதைம்மா?" என்றார் அறவாழி.