கத்தரி விழுந்த விரிப்பு

கரூரில் விசைத்தறிக்கூடம் வைத்திருந்தார் வேலப்பன். அவர் நெய்த படுக்கை விரிப்புகள் எல்லாம் கப்பலேறிப் போயின. ஒரு வருஷம், சீமையில் வாங்குகிறவன் சரக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டான். விரிப்புகள் கூரை முட்டின. தறிகளை நிறுத்தி ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்துவிட்டு, அமராவதிக் கரை மடத்தில் இருந்த தம் குருவிடம் போனார். அந்தக் குரு, மாசிலாமணி சாமி, வயதில் அவருக்கு இளையவர்.

“தூக்கம் போச்சு சாமி. வெளியே வித்தாத்தான் நாடு வளரும்னு நம்பினேன். தப்பா?”

“படுக்க ஒரு விரிப்பு கொண்டு வாங்க முதலாளி. அப்புறம் பேசலாம்.”

கூடத்திலிருந்து ஒன்றை வரவழைத்தார். சாமி விரித்துப் பார்த்தார். நடுவில் முழ நீளத்துக்குக் கத்தரி வெட்டு விழுந்திருந்தது.

வேலப்பனுக்கு வெட்கமாயிற்று. கூடத்தின் முன்வாசல் வழியாக முழுத்துணி ஊருக்குள் போகக்கூடாது. உள்ளூர்ச் சந்தைக்கு எதுவும் கசியக்கூடாதென்று வாங்குகிறவன் போட்ட நிபந்தனை அது. வாசல் காவலாள் பழக்கத்தில் இதையும் வெட்டிவிட்டான்.

“அப்ப உங்க ஊர் உங்க விரிப்பைப் பார்த்ததே இல்லை.”

“பார்த்தாலும் வாங்க முடியாது சாமி. எங்க ஆளுங்க கையில காசு ஏது?”

“ஏன் இல்லை?”

சீமை விலைக்குக் கட்டுப்படியாக வேண்டுமென்று கூலியைக் குறைத்தவர் வேலப்பன்தான்.

சாமி அந்தக் கிழிசல் மேலேயே படுத்துக்கொண்டார்.

வேலப்பன் திரும்பிப்போய் முன்வாசலைத் திறந்தார். குறைத்த கூலியைத் திரும்பக் கொடுத்தார். மற்ற முதலாளிகளிடமும் பேசினார். கூலி உயர்வு என்றால் காது கேளாத மனிதர்கள். ஆனால் தறி நின்றுபோன அமைதி அவர்களுக்கு நன்றாகவே கேட்டது. அவர்களும் கூலியை உயர்த்தினார்கள். தீபாவளிக்குள் வாரச்சந்தைகளில் விரிப்பு விற்றது. வேலை போய் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

அடுத்த வருஷம் சீமைக்காரன் மறுபடி சரக்குக் கேட்டான். முன்வாசலை மூடச் சொன்னான். மாட்டேன் என்று எழுதினார் வேலப்பன். வெகுநாள் கழித்து, சரி என்று பதில் வந்தது. மறுநாள் காலை மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

“இனி எதை நம்பட்டும் சாமி? கப்பலையா, சந்தையையா?”

“பதில் வர்ற வரைக்கும் தூங்கினீங்களா?”

“நல்லாத் தூங்கினேன்.”

“கப்பல் வருதுன்னு தெரிஞ்சப்புறம்?”

வேலப்பன் சிரித்துவிட்டார். “இன்னும் நல்லாத் தூங்கினேன்.”

சாமி பழைய விரிப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார்.

“அப்ப எனக்கு ஒரு முழு விரிப்பு கொடுங்க முதலாளி. ஒரு வருஷமா கிழிசல்ல கால் மாட்டிக்குது.”