கோகிலவாணியின் கடைசிச் சுற்று

கதையைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு எழுந்து போகிறவர்களுக்கு நான் கதை சொல்வதில்லை. கடைசியில் ஒன்று கேட்பேன், பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பதிலுக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

கோவைக்கு வெளியே ஒரு பந்தயத் தடம். கடைசியில் ஒரு கொண்டை ஊசி வளைவைச் சுற்றிக்கொண்டு வந்து முடிவுக்கோட்டை அடையும். ஓட்டியது போதும் என்று ஒதுங்குகிறவர்களுக்கு அந்த வளைவுக்கு முன்பே ஒரு வழி பிரிந்து, தடத்தை ஒட்டியபடி, வண்டிகளை நிறுத்தும் ஷெட்டுகளின் முன்னால் நேராகப் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மோட்டார் சைக்கிள் ஓட்ட வருகிறவர்கள் பந்தயக்காரர்கள் அல்ல. வாரமெல்லாம் வேலை பார்த்துவிட்டு ஆசைக்கு ஓட்டுகிறவர்கள். ஒரு சுற்றை இரண்டு நிமிடத்துக்குள் முடித்தவர், அவர்களுடைய மோட்டார் மன்றத்தின் பலகையில் தன் பெயரைத் தானே பெயிண்டில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் நேரம் குறிக்க அங்கே ஆள் கிடையாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கிளம்பும் முன்பே தன் ஜிபிஎஸ் லேப் டைமரைத் தொட்டு, "இதுதான் என் சாட்சி" என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஒரு கோட்டைத் தாண்டித் திரும்பவும் அதே கோட்டைத் தாண்டும் வரை செயற்கைக்கோளைக் கேட்டுக் கணக்கு வைக்கிற கருவி அது. பிறகு அது சொன்னதுதான் முடிவு.

கோகிலவாணி பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வருடக்கணக்காக அந்த இரண்டு நிமிடத்தின் வாசலிலேயே நின்றவள். இப்போது வலது கையில் நரம்பு நசுங்கி விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. ஒரு ஞாயிறு ஓட்ட வந்தாள், மறுநாள் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு வண்டியைத் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, அந்த ஞாயிறு தப்பினால் எல்லாம் தப்பிற்று.

எந்த டைமரை நம்புவது? கணவர் திருமூர்த்தி செல்போனில் ஒரு செயலியை இறக்கிக் கொண்டுவந்தார். அந்தத் தடத்தின் படமும் முடிவுக்கோடும் அதிலேயே அளந்து போடப்பட்டிருந்தன. கோடு தடத்தின் அகலத்தோடு நின்றது. ஆனால் வண்டி எங்கே இருக்கிறது என்று போன் நொடிக்கு ஒருமுறைதான் பார்க்கும். தோழி நஸ்ரின் கொண்டுவந்த டைமர் பெட்டியோ நொடிக்கு இருபத்தைந்து முறை பார்க்கும். வானம் நன்றாகத் தெரிகிற மாதிரி அதை வண்டியின் பின்புறம் ஒட்டினார்கள். அதில் மட்டும் கோட்டை நாமேதான் குறிக்க வேண்டும். வண்டிகள் ஓடும் தடத்தில் யாரும் இறங்கக் கூடாது என்பதால், முடிவுக்கோட்டுக்கு நேரே இருந்த முதல் ஷெட்டின் வாசலில் நின்றபடி நஸ்ரின் குறித்தாள்.

"நல்லா நீட்டிப் போடு நஸ்ரின். ஒரு சுத்துகூட தப்பிப் போயிரக் கூடாது," என்றாள் கோகிலவாணி.

"என் காலடியிலிருந்து தடத்தோட அந்தப் பக்க ஓரம் வரைக்கும் போட்டாச்சுக்கா."

கோகிலவாணி போனைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். "அரை நொடியில கை விட்டுப் போயிருமுங்க. போனை நம்ப முடியாது," என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தொட்டாள். அதுவும் இருக்கட்டும் என்று போனை அவள் ஜாக்கெட் பையில் போட்டார் திருமூர்த்தி.

சுற்றுக்குச் சுற்று வேகம் கூடியது. கூடவே கையும் போய்க்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் வெறி பிடித்தவள் மாதிரி போனாள். பாதி வழியிலேயே பிரேக்கைப் பிடித்திருப்பது தன் விரல்களா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இனி முடியாது என்று ஆனதும் வேகத்தைக் குறைத்து, நேரே முதல் ஷெட்டைத் தாண்டித் தங்கள் ஷெட்டுக்கு வந்து நின்றாள்.

நஸ்ரின் பெட்டியைப் பார்த்தாள். கடைசிச் சுற்று, ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடி. போனிலோ கடைசிச் சுற்று என்று ஒன்றே இல்லை. அதற்கு முந்தைய சுற்றோடு நின்றிருந்தது, அது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்.

மன்றத்தின் செயலாளர் சம்பத் முகத்தைச் சுளித்தார். "கை மரத்துப்போன நேரத்துலதான் இருக்கிறதுலயே வேகமா வந்தீங்களா? பெட்டி பொய் சொல்லுது. வெளிச்சம் இருக்குது, இன்னொரு சுத்து போயிட்டு வாங்க." அவளால் கையுறையைக்கூடக் கழற்ற முடியவில்லை.

"அக்கா சாட்சின்னு தொட்டது பெட்டியைத்தானுங்களே," என்றாள் நஸ்ரின். "போன் ஒரு சுத்தையே முழுங்கிருச்சு. அதையா நம்பச் சொல்றீங்க?"

திருமூர்த்தி சம்பத்தின் பக்கம் திரும்பினார். "எது பொய்யோ எனக்கு வேண்டாமுங்க. இனிமே அவ ஓட்டப் போறதில்ல. ஒரு பேரு எழுதினா யாருக்கு என்ன நட்டம்?"

கோகிலவாணி இடது கையில் தூரிகையை வாங்கிக்கொண்டு பலகையின் முன்னால் போய் நின்றாள்.

இப்போது சொல்லுங்கள். பொய் சொன்னது பெட்டியா, போனா? மூவரில் யார் சொன்னது சரி? அவள் தன் பெயரை எழுதலாமா?

விடை: இரண்டுமே பொய் சொல்லவில்லை. நஸ்ரின் நீட்டிய கோடு தடத்தோடு நிற்காமல் ஒதுங்கும் வழியையும் சேர்த்துக் கடந்தது. கோகிலவாணி வளைவைச் சுற்றாமல் அந்தக் குறுக்கு வழியில் வந்து கோட்டைத் தாண்டினாள். கோட்டிலிருந்து கோட்டுக்கு எவ்வளவு என்று கேட்டார்கள், பெட்டி சொல்லிற்று. போன் எதையும் விழுங்கவில்லை, முடியாத சுற்றை அது எண்ணவில்லை. எந்தக் கருவி என்று மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் கோடு எங்கே முடிகிறது என்று பார்க்கவில்லை. ஆக, சம்பத் சொன்னதும் சரியில்லை, நஸ்ரின் சொன்னதும் சரியில்லை. திருமூர்த்தி கேட்டதும் சரியில்லை, ஆனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதக் கூடாது என்பது பலகையின் முன்னால் நின்றபோது அவளுக்கே விளங்கிவிட்டது. வளைவை விட்டு ஒதுங்கியது அவள், கோட்டை நீட்டச் சொன்னதும் அவள். "நான் சுத்தை முடிக்கலீங்க," என்று தூரிகையைத் திருப்பிக் கொடுத்தாள். திருமூர்த்தி அவள் வலது கையுறையை மெல்ல உருவி எடுத்தார். எடுத்தது அவளுக்குத் தெரியவில்லை.