அன்னக்கனி கையில ஒட்டின பலாப்பிசின்

மலையடிவாரத்து ஊர் ஒண்ணுல அன்னக்கனின்னு ஒருத்தி இருந்தாளாம். நீ ம் கொட்டணும், அப்பதான் கதை நடக்கும். ஆங். அவளுக்கு ஏவாள் மேல அப்படி ஒரு கோபம். முள்ளு சுருக்குனு குத்துனா, "எல்லாம் அந்த ஏவாள் ஆண்டவர் வேண்டாம்னு சொன்ன பழத்தைத் தின்னதால." அடுப்புப் புகை கண்ணைக் கரிச்சா, "அந்த ஏவாளால." பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ மட்டும் திட்டல, அழுதா. "ஆண்டவரே, பிள்ளை பிழைச்சா எங்க மரத்து முதல் பலாப்பழம் உமக்குத்தான்"னு நேர்ந்துக்கிட்டா. அப்புறம் பிள்ளை எழுந்து குடுகுடுன்னு ஓடிச்சு.

அப்புறம் அறுப்புப் பண்டிகை வந்துச்சு. ஊரே முதல் விளைச்சலைச் சர்ச்சுக்குக் கொண்டுபோற நாள். காலையில வீடெல்லாம் பலா வாசம் கமகமன்னு தூக்குது. புருஷன் ஏசடியான் மோந்து பாத்தான். "உள்ள சப்புன்னு இருந்தா ஆண்டவருக்குக் குடுக்கலாமா? பாத்துருவோம்." அவ வெட்டினா. ஒரு சுளை, லபக். அவனுக்கு ஒண்ணு, லபக். அப்போ இன்னொண்ணு... ம்? அப்புறம் என்ன, வெறும் தோலுதான் மிச்சம்.

அப்பப் பாத்து வாசல்ல டொக் டொக்குன்னு பாதிரியாரு. அன்னக்கனி பதறிப்போய், "ஸ்தோத்திரம் ஐயா"ன்னு கைகூப்பினா. பலா வெட்டுறவ எண்ணெய் தடவ மறந்துட்டாளே, ரெண்டு கையும் பிசின்ல பச்சக். இழுக்கிறா, வரல.

"நேர்ந்துக்கிட்ட பழம் எங்கம்மா?"ன்னாரு அவரு.

"இவதான் ஐயா எனக்குக் குடுத்தா"ன்னான் ஏசடியான்.

"ஆடு தின்னுருச்சு ஐயா"ன்னா அவ.

வாசல்ல கட்டியிருந்த ஆடு "மே"ன்னுச்சு.

ஒட்டின கையைப் பாத்தா அன்னக்கனி. பொலபொலன்னு கண்ணீர் கொட்டுச்சு. "நான்தான் ஐயா தின்னேன். பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்பிருமா?"

"கொடுத்த பிள்ளையை ஒரு பழத்துக்காகப் பிடுங்குவாராம்மா அவரு?"ன்னுட்டு, தேங்காய் எண்ணெயை ஊத்தி அவ கையைத் தேய் தேய்னு தேய்ச்சாரு. பிசின் அவ கையை விட்டு அவரு கையில ஏறிக்கிச்சு. வெள்ளை அங்கியெல்லாம் பிசின்.

அப்புறம் சர்ச்சுல ஆசீர்வாதம் சொல்லக் கையைத் தூக்கினாரு பாரு, உள்ளங்கைப் பிசின்ல ஒட்டின ஒரு கோழி இறகு படபடன்னு ஆடுது. ஊரே கெக்கெக்கேன்னு சிரிச்சுது. அன்னக்கனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துச்சு. அது தன் கைப்பிசின்னு அவளுக்குத்தானே தெரியும்.

மறுநாள் முள்ளு சுருக்குன்னுச்சு. வழக்கம்போல வாயைத் திறந்தா. அப்புறம் மெதுவா, "ஏவாளக்கா, கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் உன் பக்கத்துலதான்"ன்னா.

கதை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சுப் படுத்துருச்சு. நீயும் தூங்கு.