வாய்ப்பூட்டு மசோதா

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. இனிமேல் தாம் நினைத்த மாத்திரத்தில் சட்டம் போடக் கூடாது, எல்லாமே சபையின் வழியாகத்தான் வர வேண்டும் என்று முடிவு செய்தார். எந்தச் சட்டமானாலும் முதலில் மசோதாவாக வரும். கொண்டுவந்தவரே அதைச் சபையில் மூன்று முறை, மூன்று வெவ்வேறு நாளில் வாசிக்க வேண்டும். மூன்றாம் வாசிப்பு முடிந்ததும் அரசர், "சம்மதமா?" என்று கேட்பார். "சம்மதம்" என்று உறுப்பினர்கள் வாய்விட்டுச் சொன்னால் அது சட்டம். ஒரு குரலும் எழாவிட்டால் மசோதா விழுந்துவிடும்.

அந்தச் சபையில் ஏகம்பன் என்றொரு விகடகவி இருந்தான். குயவர் தெருவில் பெண் எடுத்து, அந்தத் தெருவிலேயே குடியிருந்தவன். எதையும் இரண்டு முறை புரட்டிப் பார்க்காமல் நம்பமாட்டான். யாராவது வெற்றிலை கொடுத்தால்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவான்.

ஒருநாள் தலைமை அமைச்சர் வல்லபராயர் இரண்டு மசோதாக்களை அறிவித்தார். முதலாவது, சபை ஒழுங்கு மசோதா. அது நிறைவேறிய பிறகு இரண்டாவது, ஏரி அழகு மசோதா. ஏரியின் தென்கரையைத் தூர்த்து நந்தவனம் அமைப்பது.

ஏகம்பனுக்குச் சுருக்கென்றது. தென்கரையில்தான் குயவர்கள் மண் எடுத்தார்கள். தென்கரையை ஒட்டித்தான் ராயர் புதிதாக மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். சரி, ஏரி மசோதா வரும்போது எழுந்து பேசிவிடலாம் என்று நினைத்தான். ஆனால் அதற்கு முன்னால் ஓர் ஒழுங்கு மசோதா எதற்கு?

ராயர் அதை வாசித்த பிறகுதான் விளங்கியது.

"அரசரைத் தவிர, சபையில் யாராயினும், தலைமை அமைச்சரிடம் வாய்விட்டு அனுமதி வேண்டி, அவர் வாய்விட்டு அனுமதி தந்த பிறகே பேச வேண்டும். அனுமதி கேட்பதற்கு மட்டும் அனுமதி வேண்டியதில்லை. மீறியவர் ஓராண்டு சபைக்கு வெளியே நிற்க வேண்டும். இவ்விதி முதல் வாசிப்பு முடிந்த நொடியிலிருந்தே செல்லும்."

யானைக்கு எந்த நிறத்தில் பட்டு போர்த்துவது என்பதற்கே அரைநாள் சண்டை போடுகிற சபை, அன்று பொம்மை மாதிரி தலையாட்டியது. எல்லோருடைய கண்ணும் ஒருமுறை ஏகம்பன் பக்கம் வந்துவிட்டுப் போனது. அவர்களில் அவனிடம் கேலி வாங்காதவர் யாருமில்லை.

இரண்டாம் வாசிப்பு நாளில் ஏகம்பன் எழுந்து கைகூப்பினான். "ராயரே, பேச அனுமதி வேண்டும்."

"எதைப் பற்றி?"

"இந்த மசோதாவைப் பற்றி."

"அனுமதி இல்லை. உட்காரும்." ராயர் புன்னகையோடு மசோதாவை முழுவதும் வாசித்துவிட்டு அரசரைப் பார்த்தார். "அரசே, நெடுநாளுக்குப் பிறகு இன்றுதான் சபை சபையாக இருக்கிறது."

அரசருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஏகம்பா, எதற்கும் பதில் வைத்திருப்பாயே. இந்த மசோதாவை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நிறுத்திக் காட்டு. நிறுத்தினால் ஏரி விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கிறேன். முடியாவிட்டால் விகடத்தை விட்டுவிட்டுப் போய்ப் பானை வனை."

ஏகம்பன் வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி அங்காயி சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, தென்கரையில ராயர் ஆளுங்க முளைக்குச்சி அடிச்சுக் கயிறு கட்டுறாங்களே, என்னத்துக்கு?"

"அடிச்சுட்டாங்களா? அந்த மசோதாவை இன்னும் ஒரு தடவைகூட வாசிக்கலையே."

"மசோதாவோ கிசோதாவோ. மண்ணு போச்சுன்னா சூளைய மூடிட்டு உங்க விகடத்தத்தான் சுட்டுத் திங்கணும். போய் நாலு வார்த்த கேளுங்க."

"கேக்கத்தான் முடியாது புள்ள. ராயர் அனுமதி குடுத்தாத்தான் பேசலாம்."

"அவரு மட்டும் பேசுறாராக்கும்?"

"அவருதான் அனுமதி குடுக்கிறவரு."

"அவருக்கு யாரு குடுத்தா?"

ஏகம்பன் எழுந்து முற்றத்துக்குப் போனான். ராயர் எழுதியதை மனத்துக்குள் ஒவ்வொரு சொல்லாக ஓட்டிப் பார்த்தான். அரசரைத் தவிர யாராயினும். வாய்விட்டு வேண்டி. வாய்விட்டுத் தந்த பிறகே. ஏகம்பன் என்று பெயரைக் குறித்தால் அரசருக்குச் சந்தேகம் வரும் என்று ராயர் "யாராயினும்" என்று போட்டிருக்கிறார். எல்லோரும் தன்னிடம் கெஞ்சுவது ஊர் காதில் விழ வேண்டும் என்று "வாய்விட்டு" என்று போட்டிருக்கிறார். இவ்வளவு பெரிய ஓட்டையை ராயர் விடுவாரா? இதுவும் ஒரு பொறியோ? மாலை வரை முற்றத்தில் நடந்து நடந்து யோசித்தும் பொறி எதுவும் தட்டுப்படவில்லை. அது அவனுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் வேறு வழி இல்லை.

மூன்றாம் வாசிப்பு நாள். ராயர் மசோதாவோடு எழுந்தார். தொண்டையைச் செருமுவதற்குள் ஏகம்பன் அவர் எதிரில் போய் நின்றான். மடியிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். பிறகு ராயரைக் காட்டினான், கண்ணாடியில் தெரிந்த ராயரைக் காட்டினான், 'கேளுங்கள்' என்பதுபோல் பணிவாகத் தலை வணங்கினான்.

"என்ன கேலி இது? தள்ளி நில்லும்" என்றார் ராயர்.

ஏகம்பன் வாயில் விரலை வைத்துக்கொண்டு அரசரைப் பார்த்தான்.

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ராயரே, பேசினீரே, யாரிடம் அனுமதி கேட்டீர்?"

"என்னிடமேதான் அரசே. மனத்துக்குள்."

"வாய்விட்டு என்றல்லவா வாசித்தீர்? சபையில் யார் காதிலாவது விழுந்ததா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை.

"அரசே, அனுமதி தருகிறவன் நான். எனக்கே அனுமதி என்றால்..."

"இதோ மறுபடியும் அனுமதியில்லாமல் பேசுகிறீர். சரி, கண்ணாடியில் இருப்பவரிடம் இப்போதாவது வாய்விட்டுக் கேளும். அவர் வாய்விட்டுத் தருகிறாரா பார்ப்போம்."

ராயர் கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவரும் விழித்தார். அரசரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிரீடம் ஒரு பக்கம் சரிய, அரியணையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போகட்டும், வாசித்ததாகவே வைத்துக்கொள்வோம். சபையோரே, சம்மதமா?" என்றார்.

சபையோர் ராயரைப் பார்த்தார்கள். அவர் அனுமதி தந்தால்தான் "சம்மதம்" என்று சொல்ல முடியும். அனுமதி தர ராயர் வாயைத் திறந்தால் அது இன்னொரு குற்றம். ராயர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அரசர் மறுபடியும் கேட்டார். ஒரு குரலும் எழவில்லை.

"மசோதா விழுந்தது. அதோடு அதன் தண்டனையும் விழுந்தது. உமக்கு நல்ல காலம் ராயரே. ஏகம்பா, இப்போது பேசு."

"அரசே, ஏரி மசோதாவை இன்னும் ஒருமுறைகூட யாரும் வாசிக்கவில்லை. ஆனால் தென்கரையில் முளைக்குச்சி அடித்தாகிவிட்டது. குச்சிகளுக்கு எந்தச் சபை சம்மதம் சொன்னது என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்."

அரசரின் முகத்தில் சிரிப்பு மறைந்தது. "உண்மையா?" என்று ராயரைக் கேட்டார். இப்போது பேசத் தடையில்லை. ஆனாலும் ராயர் பேசவில்லை.

"ஏரி மசோதா இந்த வாசலுக்குள் வரக் கூடாது. ராயரே, அந்தக் குச்சிகளை ஆள் வைக்காமல் உம்முடைய கையாலேயே பிடுங்கிப் போடும்" என்ற அரசர், ஏகம்பன் பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

"எதுவானாலும் சரி அரசே. அதற்கு ஒரு மசோதா மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். நான் உயிரோடு இருக்கும்போதே கைக்கு வர வேண்டும்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். தம் தோளில் இருந்த சரிகைச் சால்வையை எடுத்து அந்த இடத்திலேயே அவனுக்குப் போர்த்தினார். ஏகம்பன் அதன் ஓரத்தைப் புரட்டி, சரிகை உண்மையானதுதானா என்று பார்த்துக்கொண்டான்.

மாலையில் தென்கரையில் ராயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குச்சி பிடுங்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பத்தடி தள்ளி அங்காயி மண் வெட்டிக்கொண்டிருந்தாள். "மண்ணு நல்லாத்தான் இருக்கு, ஒரு கை புடிங்க" என்றாள் கணவனிடம். ஏகம்பன் சால்வையை மடித்து ராயரின் கைக்கு எட்டாத கிளையாகப் பார்த்து வைத்துவிட்டு, ஏரிக்குள் இறங்கினான்.