சிலைக்குக் கீழே வெட்டிய வரி

"மாசிலாமணி என் வாக்கியத்தைத் திருடிட்டாருங்க, சாமி."

கரட்டின் உச்சிக்கு ஏறி வந்த செங்கோடன் உட்காரக்கூட இல்லை. மூச்சு வாங்க, நின்றபடியே சொன்னார்.

கரட்டுச் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எந்த வாக்கியம்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே! 'பூட்டு உங்களுடையது, கதவு எங்களுடையது.' சுவரெல்லாம் அதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒப்பிக்குதுங்க. நாளைக்கு மில் முக்குல அவருக்குச் சிலை திறக்கறாங்க. கீழ கல்லுல அந்த வரி. அதுக்கும் கீழ அவரு பேரு."

"அவர் செத்து ரொம்ப நாளாச்சே."

"செத்தா கடன் தீந்துருமுங்களா?"

சாமி ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார்.

முதலாளி மில்லைப் பூட்டிப்போட்ட காலத்தில் பிறந்த வரி அது. சங்கத் தலைவர் மாசிலாமணி வரும்வரை கூட்டம் கலையாமல் பேசிக்கொண்டிருப்பது செங்கோடனின் வேலை. கார் கண்ணில் பட்டதும் பாதிப் பேச்சில் விட்டு இறங்கிவிட வேண்டும். அன்று அந்த வரியை அவர் சொல்லி முடிக்கவும் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மாசிலாமணி மேடை ஏறினார். மாலையைக் கழற்றி வைத்தார். அதே வரியைச் சொன்னார்.

சாமி அப்போது சாமி இல்லை. மைக் செட் ரங்கப்பன். மேடைக்குப் பின்னால் பெட்டிமேல் உட்கார்ந்து இரண்டு பேச்சையும் கேட்டவர். மிஞ்சியிருக்கிற ஒரே சாட்சி.

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க, சாமி. அது யாரு வாயில முதல்ல வந்துச்சுன்னு."

"உன் வாயிலதான். அதுல சந்தேகமே இல்லை."

செங்கோடனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல உலகத்தில் ஒரு ஆளாவது இருந்ததே.

"நீ சொன்னப்பக் கூட்டம் என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார் சாமி.

"கடலை தின்னுட்டு இருந்தானுங்க."

"அவர் சொன்னப்ப?"

செங்கோடன் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"எந்திரிச்சுப் போயி மில் கதவை உடைச்சாங்க."

"அப்புறம்?"

"போலீஸ் சுட்டாங்க."

"செத்தது யாரு?"

"மாராயி பையன்."

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். பையன் செத்த நாள் வந்தால், வருஷம் தவறாமல் மாராயி மாசிலாமணியின் வீட்டு வாசலுக்குப் போவாள். உன் பேச்சாலதாண்டா எம்புள்ள போனான் என்று மண்ணை வாரித் தூற்றுவாள். மாசிலாமணி வெளியே வந்து கை கட்டி நிற்பார். அவள் கை ஓய்ந்து திரும்பிய பிறகுதான் உள்ளே போவார்.

"அவகிட்ட ஒரு தடவையாவது, 'அது நான் சொன்னதில்லை, செங்கோடன் சொன்னது'ன்னு சொன்னாரா?"

"சொல்லவே இல்லீங்க! அதைத்தானுங்க நான் திருட்டுங்கறேன்!"

சாமி கீரைத் தட்டைக் கீழே வைத்தார்.

"நாளைக்குத்தானே அந்தப் பையன் செத்த நாள்?"

"ஆமாங்க. அதைப் பார்த்துத்தான் சிலைக்கு நாள் குறிச்சிருக்காங்க."

"மாராயி வருவா. நீ போய்க் கல்லுக்கு முன்னால நில்லு."

"நின்னா?"

"உன் பேரைக் கேப்பாங்க."

மறுநாள் மில் முக்கில் திரை விலகியது. எல்லோரும் கை தட்டினார்கள். செங்கோடன் தட்டவில்லை.

கூனல் விழுந்த மாராயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. குனிந்து இரண்டு கையிலும் மண்ணை அள்ளினாள்.

செங்கோடன் போய்க் கல்லுக்கு முன்னால் நின்றார்.

மண் அவர் முகத்தில் அறைந்தது. பின்னால் கல்லில், மாசிலாமணியின் பெயர்மேல் ஒரு தூசிகூடப் படவில்லை.

மாராயி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"குறுக்க வந்து நிக்கறியே, யாருய்யா நீ? உம்பேரென்ன?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. கூட்டம் முழுக்க அவரையே பார்த்தது. மைக்கும் பக்கத்தில்தான் இருந்தது.

செங்கோடன் வாயைத் திறந்தார்.

வாயெல்லாம் மண்.