உப்பு என்று எழுதிய ஜாடி

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே ஜபம் குறைவு, கணினி நிரல் எழுதுவது அதிகம். குரு நப்பின்னையைவிடச் சீடர் திருமுத்து வயதில் மூத்தவர். அவசரத்தில் மட்டும் இளையவர்.

மடத்தில் கண் தெரியாத செங்கமலம் அம்மாள் இருந்தார். தினமும் மாலையில் திருமுத்துவின் நிரல் அவருக்குத் துப்பறியும் கதை படித்துக் காட்டும். ஒரு நாள் கடைசி அத்தியாயம். கொலைகாரன் யாரென்று தெரியாமல் அம்மாளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அன்று பார்த்துக் கூடத்துக்குப் புதுக் கணினி வந்தது. நிரல் வாயைத் திறக்கவில்லை. ‘குரல் நூலகம் கிடைக்கவில்லை’ என்று காட்டியது. பேசுவது அந்த நூலகக் கோப்பின் வேலை. அதைத் தேடிப் பிடித்தால்தான் நிரலுக்குக் குரல்.

“குருவே, கோப்பு உள்ளேதான் இருக்கு. நானே வச்சேன். இல்லைன்னு சாதிக்குது.”

குரு எழுந்து சமையலறைக்குப் போனார். உப்பு ஜாடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“வேலாண்டி, ரசத்துக்கு உப்பு போட்டாச்சா?”

சமையல்காரர் அடுப்பு மேடையில் பார்த்தார். மாடத்தில் பார்த்தார். சாமான் அறையிலும் பார்த்தார்.

“உப்பு இல்லீங்க.”

“குரு மடியில இருக்கே!” என்றார் திருமுத்து.

“நான் வழக்கமா பாக்குற இடம் மூணுதாங்க. குரு மடியில எல்லாம் போய்த் தேட முடியுங்களா?”

திருமுத்துவுக்கு விளங்கிவிட்டது. பாதிதான் விளங்கியது. ஓடிப்போய், நிரல் தேடும் இடங்களில் எல்லாம் குரல் நூலகத்தைப் போட்டார். கையில் இருந்த பழையது, புதியது எதையும் விடவில்லை. ஒன்று போனால் இன்னொன்று உதவுமே என்ற தாராளம்.

நிரல் பேசியது. ஒவ்வொரு எழுத்தாகத் தடுக்கித் தடுக்கிப் பேசியது.

“இந்த வேகத்துல படிச்சா கொலைகாரன் வயசாகியே செத்துடுவான்” என்றார் செங்கமலம் அம்மாள்.

திருமுத்து திரும்பி வந்தார். “புது நூலகமும் அங்கதான் இருக்கு, குருவே. ஏன் பழசை எடுக்குது?”

“முதல்ல ரசம் குடிங்க.”

குடித்தவர் முகம் கோணியது. ரசம் பாயசமாக இனித்தது.

“மேடையில ‘உப்பு’ன்னு எழுதின ஜாடி இருந்துச்சு. அள்ளிப் போட்டேன்” என்றார் வேலாண்டி.

குரு சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். உப்பை மாடத்துக்கு மாற்றிவிட்டு, ஜாடியில் சர்க்கரையை நிரப்பி மேடையில் வைத்தவர் அவர்தான்.

“மாடத்துல நல்ல உப்பு இருக்கே?”

“மேடையிலயே கிடைச்ச பிறகு மாடத்துக்கு எதுக்குங்க போகணும்?”

திருமுத்து டம்ளரை வைத்துவிட்டு மறுபடி ஓடினார். பழைய நூலகங்களை ஒன்றுவிடாமல் அழித்தார். கூடத்திலிருந்து தெளிவான குரல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அம்மாளின் குரலும் கேட்டது.

“அந்தச் சமையல்காரன்தான்னு நான் அப்பவே சொன்னேன்.”

வேலாண்டி கரண்டியைக் கீழே வைத்தார். “கதையிலங்க” என்று குரு சமாதானம் சொன்னார்.

சிரித்தபடி வந்து உட்கார்ந்த திருமுத்துவுக்கு ரசத்தைப் பார்த்ததும் எரிச்சல் திரும்பியது.

“என்ன இருந்தாலும் குருவே, பரிமாறுறதுக்கு முன்னாடி இவர் ஒரு சொட்டு ருசி பாத்திருக்கக் கூடாதா?”

“நீங்க அம்மாவுக்குப் போட்டு விடுறதுக்கு முன்னாடி ஒரு வரி கேட்டுப் பாத்தீங்களா?”

திருமுத்து டம்ளரைக் காலி செய்தார்.